மாயாவிக்கு எத்தனை எபிசோடு?

“இது சீரியலே இல்லை, எட்டு மணி நேரப் படம்” என்று யாராவது ஒரு டைரக்டர் பெருமையாகப் பேட்டி கொடுத்தால், அந்தத் தொடரைப் பார்க்கும் ஆசை எனக்குப் பாதி போய்விடும். காமிக்ஸ் ஹீரோவை வைத்து எடுத்தது என்றால் மீதிப் பாதியும் போய்விடும். முதல் எபிசோடில் ஒரு சண்டை, கடைசி எபிசோடில் ஒரு சண்டை, நடுவில் ஆறு மணி நேரம் ஆளாளுக்கு இருட்டறையில் உட்கார்ந்து செத்துப்போன அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். லீவுக்கு வரும் அக்கா மகன் இதையெல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் பார்க்கிறான். கேட்டால், “மாமா, இதுல ஒண்ணும் நடக்கல, நடக்கும்போது ஸ்லோ பண்ணிக்கலாம்” என்கிறான். இதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கேயும் படித்ததில்லை.

காமிக்ஸ் பிறவியிலேயே தொடர்கதை. அமெரிக்காவில் மாதாமாதம் இருபது சொச்சம் பக்கம், இங்கிலாந்தில் வாராவாரம் ஓரிரண்டு பக்கம், நாளிதழ் என்றால் தினம் மூன்று நான்கு கட்டம். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு ஆபத்தைக் கிளப்பி, கொஞ்சம் நகர்த்தி, அடுத்த இதழையும் வாங்க வைக்கிற மாதிரி நிறுத்தியாக வேண்டும். சினிமாவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, டிவிக்கு உண்டு. முறைப்படி பார்த்தால் சூப்பர் ஹீரோவுக்கு டிவிதான் பங்காளி, சினிமா தூரத்துச் சொந்தம். ஆனால் கொஞ்ச வருடமாக டிவி தன்னைச் சினிமா என்று நினைத்துக்கொண்டு அலைகிறது, அங்கேதான் பிரச்சினை.

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர். இந்தப் பக்கம் ரயில் ஏறினால் ராஜபாளையம், சிவகாசி; அந்தப் பக்கம் ஏறினால் மலையைக் குடைந்த பாதையில் ஆரியங்காவு, புனலூர், கொல்லம். வீட்டு கேபிளில் சுட்டி டிவியும் வரும், மலையாளக் கொச்சு டிவியும் வரும். ஆனால் எனக்கு முதல் சூப்பர் ஹீரோ டிவியிலிருந்து வரவில்லை, சித்தப்பா பைண்டு பண்ணி வைத்திருந்த முத்து காமிக்ஸ் கட்டிலிருந்து வந்தார். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முதல் முத்து காமிக்ஸே இரும்புக்கை மாயாவிதான். ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் லூயிஸ் கிராண்டேல், விபத்தில் போன கைக்குப் பதிலாக இரும்புக்கை மாட்டியிருப்பவர், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். (2012-ல் நம் பக்கம் இருந்த மின்வெட்டில் மாயாவி மாட்டியிருந்தால் பாவம், பிழைப்பே ஓடியிருக்காது.)

அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஓரிரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை மாயாவி சாகப் போவார். பக்கத்தைத் திருப்பினால் பிழைத்துவிடுவார், உடனே அடுத்த வம்பில் மாட்டுவார். சின்ன வயதில் அது கதையின் வேகம் என்று நினைத்தேன். காரணம் வேறு. 1962 முதல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த கதை அது, ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒரு கொக்கி இருக்கும். அங்கே மாதக்கணக்கில் காத்திருந்து படித்ததை நாம் ஒரே புத்தகமாக, ஒரே மத்தியானத்தில் முடித்தோம். நெட்ஃபிளிக்ஸ் பிறப்பதற்கு முன்னாலேயே சிவகாசிக்காரர்கள் நமக்கு மொத்த சீசனையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள்! அப்படியும் ஒரு இடத்தில்கூடத் தொய்வு இல்லை, ஏனென்றால் எழுதியவர் ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு எழுதியிருக்கிறார்.

டிவியில் இதை அப்படியே பிடித்தது 1966-ல் ஏபிசியில் வந்த பேட்மேன். இன்றைக்கு அதைக் கிண்டலாகத்தான் பேசுவோம், ஆடம் வெஸ்ட்டின் தொப்பையும் திரை முழுக்க எழுத்தில் வெடிக்கும் டமால் டுமீலும். ஆனால் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். முதல் இரண்டு சீசனில் வாரத்துக்கு இரண்டு நாள், புதன் ஒரு அரை மணி, வியாழன் ஒரு அரை மணி. புதன் ராத்திரி பேட்மேனும் ராபினும் ஏதாவது ஒரு கிறுக்கு இயந்திரத்தில் கட்டப்பட்டிருப்பார்கள், அதோடு கட். அடுத்த நாள் அதே நேரம், அதே சேனல் என்று ஒரு குரல் சொல்லும். காமிக்ஸ் இதழின் கடைசிக் கட்டம் அது. மூன்றாவது சீசனில் வாரம் ஒரு நாளாகச் சுருக்கினார்கள், அதோடு தொடரும் முடிந்தது, மொத்தம் 120 எபிசோடு. நம் வீட்டு மெகா சீரியலில் மருமகள் கையில் விஷ பாட்டிலோடு மூன்று தடவை முகத்தைக் காட்டி நிறுத்துகிறார்களே, அந்த வித்தைக்காரர்களிடம் ஒரு சூப்பர் ஹீரோவை ஒப்படைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

காசு இல்லாதது டிவிக்கு ஒரு விதத்தில் நல்லதே செய்தது. 1952-ல் தொடங்கிய சூப்பர்மேன் தொடரின் முதல் இரண்டு சீசனும் கறுப்பு வெள்ளை; சிவப்பும் நீலமும் அதில் சரியாகப் பிரிந்து தெரியாது என்று ஜார்ஜ் ரீவ்ஸுக்குப் பழுப்பிலும் சாம்பலிலும் உடை தைத்தார்கள். நாம் சிவகாசி நியூஸ்பிரிண்டில் கறுப்பு மையை வைத்துக்கொண்டு வண்ணத்தை மனசில் பூசிக்கொண்டோமே, அங்கேயும் அதே கதைதான்.

ஹல்க் இன்னும் ஒரு படி மேலே. 1978 முதல் 1982 வரை ஓடிய தொடர். காமிக்ஸில் ஹல்க் டாங்கியைத் தூக்கி எறிவான், அதற்கெல்லாம் டிவியில் வழியில்லை, பச்சை பெயின்ட் அடித்த லூ ஃபெரிக்னோதான் இருந்தார். அதனால் தயாரிப்பாளர் கென்னத் ஜான்சன் ஹல்க்கைப் பெரும்பாலும் எபிசோடுக்கு இரண்டு தடவை மட்டும் வரவிட்டு, மீதி நேரத்தை கோபம் வந்தால் ஹல்க்காக மாறும் டாக்டர் பேனராக நடித்த பில் பிக்ஸ்பியிடம் கொடுத்துவிட்டார். பேனர் ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஊருக்கு வருவார், பொய்ப் பெயரில் ஒரு வேலையில் சேருவார், அங்கே யாருக்கோ ஒரு கஷ்டம் இருக்கும், கோபம் வரும், சட்டை கிழியும், எல்லாம் முடிந்து தோளில் பையோடு ரோட்டோரம் லிஃப்ட் கேட்டு நிற்பார், பின்னால் ஒற்றைப் பியானோ. ஒரு நிருபர் விடாமல் துரத்திக்கொண்டே வருவார். விக்டர் ஹ்யூகோவின் நாவலிலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று ஜான்சனே சொல்லியிருக்கிறார். அதே நாவல்தான் சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்ப்பில் ‘ஏழை படும் பாடு’, 1950-ல் நாகையா நடித்து படமாகவும் வந்தது, அதில் துரத்தும் போலீஸ் ஜாவராக நடித்த சீதாராமன் சாகும்வரை ஜாவர் சீதாராமன். ஆக பச்சை ராட்சசன் நமக்கு ஒன்றுவிட்ட உறவு! இது தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் காசு வந்தது. 2015-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த மார்வெல் தொடர் டேர்டெவில் எனக்குப் பிடிக்கும், குறிப்பாக எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த இரண்டாவது எபிசோடு காரிடார் சண்டை. ஒரே ஷாட் போல ஓடும், ஹீரோ ஏற்கெனவே அடிபட்டுத் தையல் போட்ட உடம்போடு உள்ளே நுழைவார், ஒருவனை அடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவார், விழுந்தவன் எழுந்து வருவான், மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அடிகூடச் சரியாக விழாது. அறைக்குள் நடக்கும் சண்டையைக் காட்டாமல் கேமரா வெளியே நிற்கும், ஒரு மைக்ரோவேவ் மட்டும் பறந்து வரும். எல்லாம் கடத்தி வைத்த ஒரு சின்னப் பையனுக்காக. ஒரு எபிசோடு, ஒரு பையன், ஒரு காரிடார், போதுமே. ஆனால் அந்த வரிசையில் அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் பதின்மூன்று எபிசோடு கணக்கு வைத்து, கதை எட்டோடு தீர்ந்து மீதியை இழுத்தார்கள். லூக் கேஜில் மஹெர்ஷாலா அலி நடித்த வில்லனை ஏழாவது எபிசோடில் கொன்றுவிட்டு அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தார்கள். இன்னொரு மார்வெல் தொடரான வாண்டாவிஷன் எபிசோடுக்கு எபிசோடு ஒவ்வொரு காலத்து சிட்காம் (நகைச்சுவைத் தொடர்) வேஷம் போட்டு ஜோராகப் போனது, ஒன்பதாவதில் வானத்தில் பறந்து வெளிச்ச உருண்டை எறிகிற சினிமா கிளைமாக்ஸ். எனக்குக் கொட்டாவி வந்தது.

விதிவிலக்காக ஒன்று உண்டு, 2019-ல் எச்பிஓவில் வந்த வாட்ச்மென். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அதன் மூலக் காமிக்ஸில் ஹூடட் ஜஸ்டிஸ் என்று ஒரு பழைய காலத்து ஹீரோ ஓரமாக வருவார், தலையில் முக்காடு, கழுத்தில் சுருக்குக் கயிறு, யாரென்று உறுதியாகச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். தொடரை எழுதியவர்கள் பழைய கதையைத் திரும்ப எடுக்காமல் அந்தக் கயிற்றை மட்டும் கையில் எடுத்தார்கள். ஒரு ஆள் எதற்குச் சுருக்குக் கயிற்றோடு சண்டைக்குப் போவான்? பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே போகும் ஆறாவது எபிசோடில் பதில் வரும். அவர் ஒரு கறுப்பினப் போலீஸ்காரர். கூட வேலை பார்க்கும் வெள்ளைப் போலீஸ்காரர்களே முக்காடு போட்டு மரத்தில் தூக்கி, கடைசி நொடியில் இறக்கி, ஒழுங்காக இரு என்று மிரட்டி விட்டுப் போவார்கள். கழுத்தில் கயிறு அப்படியே தொங்க வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஒரு ஜோடியை ரௌடிகள் அடிப்பதைப் பார்ப்பார். அதே முக்காட்டை மாட்டிக்கொண்டு பாய்வார். கண்ணைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசிக்கொள்வது பின்னால் வரும், முக்காட்டுக்குள் இருப்பவன் வெள்ளைக்காரன் என்று ஊர் நினைத்தால்தான் அவரால் ஹீரோவாக இருக்க முடியும். முப்பது வருடம் காமிக்ஸில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த கயிறு. மொத்தம் ஒன்பது எபிசோடு, ஒவ்வொன்றும் தனியாக ஆரம்பித்துத் தனியாக முடியும், முடிந்ததும் கடையை மூடிவிட்டார்கள்.

(டிவி காமிக்ஸுக்குத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. பேட்மேனின் வில்லன் ஜோக்கருக்குக் கூட்டாளியான ஹார்லி க்வின் 1992 பேட்மேன் கார்ட்டூனுக்காகப் பிறந்தவள், காமிக்ஸுக்குப் போனது அடுத்த வருடம்தான்.)

இதையெல்லாம் நான் புலம்புவது புனலூரில் பிரஸ் வைத்திருக்கும் ஒரு சேட்டனிடம். அவர் இந்தப் பக்கம் வந்தால் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிடாமல் போக மாட்டார். பார்டர் என்பது பழைய திருவிதாங்கூர் பார்டர், இப்போதைய கேரள எல்லை புளியரையைத் தாண்டிப் போய்விட்டது, பரோட்டா மட்டும் இடம் மாறவில்லை. மாயாவியைத் தொடராக எடுக்க வேண்டும் என்று நான் ஆரம்பித்ததும் அவர் “மாயாவிக்கு எப்போ இரும்புக்கை வந்தது?” என்று முழித்தார். அவர் வளர்ந்தது மலையாளச் சிறுவர் இதழான பாலரமா படித்து, அவருக்கு மாயாவி என்றால் மந்திரக்கோல் வைத்த குட்டிப் பையன். விளக்கிச் சொன்ன பிறகு பிடித்துக்கொண்டார்.

என் திட்டம் இதுதான். எபிசோடு இருபத்தைந்து நிமிடம், ஒரு நிமிடம் கூடக் கூடாது. உடம்பில் ஏறிய கரன்ட் கொஞ்ச நேரம்தான் தாங்கும், ஆகவே ஒவ்வொரு எபிசோடுக்கும் கடிகாரம் கதையிலேயே இருக்கிறது. மாயாவி பாதியில் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்து. கிராஃபிக்ஸ் செலவும் பெரிதாக இல்லை, கதவுக் குமிழைத் திருப்பும் ஒரு கை, லாக்கர் மேல் ஊர்ந்து போகும் ஒரு கை. அப்புறம் முதல் சீசனில் அவரை நல்லவராக்கக் கூடாது. மூலக்கதையில் கிராண்டேல் சக்தி கிடைத்ததும் முதலில் போனது திருட்டுக்குத்தான், துப்பறியப் போனதெல்லாம் பிற்பாடு.

சேட்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பாதி நேரம் மூஞ்சியே தெரியாத வேஷத்துக்கு ஏது ஸ்டார் வரும்?” பதிலையும் அவரே சொன்னார், குரு சோமசுந்தரம். மலையாள சூப்பர் ஹீரோ படம் மின்னல் முரளியில் ஹீரோவைவிட, குரு சோமசுந்தரம் நடித்த வில்லன் ஷிபுவுக்காக அழுத ஆள் சேட்டன். நம்ம ஊர் நடிகர், குரலே போதும், முகம் தேவையில்லை என்றார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். எபிசோடு எண்ணிக்கையில்தான் சண்டை. அவருக்கு ஆறு போதும், எனக்குக் குறைந்தது பத்து வேண்டும், திருடனாக இருக்கும் பகுதிக்கே நாலு போய்விடும் இல்லையா? கதையின் உரிமை இப்போது இங்கிலாந்தில் ரெபெல்லியன் கம்பெனி கையில் இருக்கிறது, அவர்கள் போன் போட்டால் மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் இரண்டு பரோட்டா சொன்னார்.