துருவைக் கருநீலமாக்கும் கொதிநீர்

பழைய இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளில் இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டைகளைப் பிடித்து வைத்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி ஒட்டும் பற்றாசு. இன்றைய தொழிற்சாலைகளில் எஃகுக்குக் கருநிறம் ஏற்றும் முறையில், காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் கரைந்த நீரை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவிட்டு, அதில் பொருளை மூழ்க வைக்கிறார்கள். ஒரே முழுக்கில் வேலை முடிந்துவிடும் என்றாலும், அந்தக் காரம் பற்றாசை அரித்துப் பட்டைகளைக் கழற்றிவிடும். பர்மிங்காமிலும் லண்டனிலும் செய்யப்பட்ட பழைய துப்பாக்கிகளைப் புதுப்பிக்கும் கைவினைஞர்கள், எஃகைத் துருப்பிடிக்கவிட்டுப் பின் அந்தத் துருவையே கருநீலப் பூச்சாக மாற்றும் ரஸ்ட் ப்ளூயிங் முறையை இன்றும் கைவிடாமல் இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

நான் இதைத் துப்பாக்கியில் செய்வதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டுமல்ல, அதைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். பழைய உளி, மூலைமட்டம், இழைப்புளியின் இரும்புப் பாகங்கள், திருகாணிகள் ஆகியவற்றுக்கே நான் இந்தப் பூச்சைக் கொடுக்கிறேன். கார்பன் எஃகைப் பொறுத்தவரை வேதியியல் ஒன்றுதான். குழலானாலும் உளியானாலும் அதற்கு வேறுபாடு தெரியாது. இன்னொரு வசதியும் உண்டு: இதில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் உளியின் பதம் இறங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இணையத்தில் இதைப் பற்றித் தேடுபவர்கள் எல்லோரும் துருவை வரவழைக்கப் பூசும் கரைசலின் செய்முறையையே கேட்கிறார்கள். எந்த அமிலம், எத்தனை துளி, எந்தக் காலத்து இரகசியக் கலவை என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. என் கருத்தில் கரைசல் இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. அது செய்வதெல்லாம் எஃகின் மேற்பரப்பில் மெல்லிய, சீரான செந்துருவை விரைவாக வரவழைப்பது மட்டுமே. அந்தச் செந்துரு, நீரேறிய இரும்பு ஆக்சைடு. அப்படியே விட்டால் ஈரத்தை உறிஞ்சி மேலும் அரித்துக்கொண்டே போகும். கொதிக்கும் நீரில் அதை மூழ்க வைத்தால், அது மேக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. இதன் வாய்பாடு Fe₃O₄. காந்தக்கல்லும் இதே பொருள்தான். இது எஃகோடு இறுகப் பற்றிக்கொள்ளும். எண்ணெயையும் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்சை உண்டாக்குவது கொதிநீர். கரைசல் அதற்கு மூலப்பொருளைத் தருகிறது, அவ்வளவே.

பழைய கொல்லர்களின் குறிப்புகளில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், சிலவற்றில் பாதரசக் குளோரைடும் இடம்பெறுகின்றன. கடைசியாகச் சொன்னது கொடிய நஞ்சு. அதைப் பயன்படுத்திய காலத்தை மதிக்கலாம். வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. வீட்டில் கலக்கத் தகுந்த கலவை மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைப்பது: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 240 மில்லி, வெள்ளை வினிகர் 30 மில்லி, உப்பு முக்கால் தேக்கரண்டி. பெராக்சைடு ஆக்சிஜனைத் தருகிறது, வினிகர் இரும்பைக் கரைக்கத் தொடங்குகிறது, உப்பின் குளோரைடு அந்த அரிப்பை வேகப்படுத்துகிறது. வேகம் கூடினால் துரு கரடுமுரடாகி எஃகில் நுண்குழிகள் விழும் என்பதால் உப்பை ஒருபோதும் கூட்டக் கூடாது. குறைத்தால் நேரம்தான் கூடும். இந்தக் கலவையை மூடிய புட்டியில் சேமிக்கக் கூடாது, வாயு பெருகிப் புட்டியை வெடிக்கச் செய்யும். வேண்டிய அளவு மட்டும் கலந்து, காற்றோட்டமான இடத்தில் கையுறையும் கண்ணாடியும் அணிந்து பயன்படுத்தி, மிச்சத்தை நிறைய நீர் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் எதுவும் இதன் அருகே வரக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் அது குளோரின் வாயுவை வெளியிடும்.

பூசுவதற்கு முன் எஃகின் மேற்பரப்பை 320 முதல் 400 எண் எமரித்தாளால் ஒரே திசையில் தேய்க்கிறேன். கண்ணாடிபோல் மெருகேற்றினால் துருவுக்குப் பிடிமானம் இராது. பிறகு வருவதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பொறுமை கேட்கும் கட்டம்: எண்ணெய்ப் பிசுக்கை அறவே நீக்குவது. பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்து, சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்க வைத்து எடுத்தபின், மேற்பரப்பில் நீர் துளித்துளியாகத் திரளாமல் ஒரே படலமாக விரிய வேண்டும். அதற்குப் பின் வெறும் விரல் பட்டாலே அந்த ரேகை பூச்சில் தெரியும். கரைசலில் நனைத்த பஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டு, நெற்றியில் திருநீறு பூசுவதுபோல் ஒரே இழுப்பில் மெல்லியதாகப் பூச வேண்டும். வழிந்தால் வழிந்த கோடு கடைசிவரை நிற்கும்.

இனித் துருப் பிடிக்கக் காத்திருக்க வேண்டும். குளிர்நாட்டவர்கள் இதற்கென்று மரப்பெட்டி செய்து, உள்ளே நீர்த்தட்டும் மின்விளக்கும் வைத்து வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வரவழைக்கிறார்கள். சென்னையில் அந்தச் செலவு மிச்சம். கடற்காற்று வீசும் மாலையில் மூடிய அறையில் தொங்கவிட்டாலே போதும்; நம் ஊர்க் காற்று இரும்புக்குச் செய்யும் கெடுதல் இந்த ஒரு வேலையில் மட்டும் உதவியாகிவிடுகிறது. மேற்பரப்பு முழுதும் மெல்லிய செம்பழுப்புத் தூள் படிந்தவுடன் நிறுத்த வேண்டும். பொருக்குத் தட்டும்வரை விடுவது தவறு.

கொதிக்க வைக்கும் நீர் வாலை வடித்த நீராக, பேட்டரிக்கு ஊற்ற விற்கப்படும் வகையாக இருக்க வேண்டும். நம் ஆழ்குழாய் நீரின் உப்புகள் வெள்ளைத் திட்டுகளாகப் படிந்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. சமையலுக்கு மீண்டும் எடுக்காத பாத்திரமாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய வாளி கூடாது. பதினைந்து இருபது நிமிடக் கொதிப்பில் செந்நிறம் மறைந்து, பொருள் கருப்பு வெல்வெட் போர்த்தியதாகத் தெரியும். இந்த மாற்றத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வெளியே எடுத்துச் சூடு தணிந்தபின், எண்ணெய் நீக்கிய மிக நுண்ணிய ஸ்டீல் வுல் என்னும் எஃகு நாரால், 0000 என்று குறிக்கப்படும் வகையால், அழுத்தாமல் தேய்த்துப் புகைபோல் ஒட்டாமல் நிற்கும் கரும்பொடியை எடுத்துவிட வேண்டும். கடையில் வாங்கும் ஸ்டீல் வுல்லில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அதைக் கழுவாமல் பயன்படுத்தினால் அடுத்த பூச்சு திட்டுத்திட்டாக வரும்.

முதற்சுற்றுக்குப் பின் கிடைப்பது வெளிறிய சாம்பல் நிறமே. ஏமாற்றமடைய வேண்டாம். பூசுதல், துரு, கொதிப்பு, தேய்ப்பு என்னும் வட்டத்தை ஐந்திலிருந்து எட்டு முறை திரும்பச் செய்தால், ஒவ்வொரு முறையும் நிறம் ஆழ்ந்து, நிழலில் கருப்பாகவும் வெயிலில் நீலமாகவும் தோன்றும் நிலையை அடையும். செலினியம் சேர்மங்களைக் கொண்ட குளிர்ப்பூச்சுத் திரவங்கள் சில நிமிடங்களில் இதுபோன்ற நிறத்தைத் தருவது உண்மைதான். ஆனால் அவை எஃகின் மேல் ஒட்டிய வேறொரு படலம் மட்டுமே, கைபடும் இடங்களில் விரைவில் தேய்ந்துவிடுகின்றன. சிறு கீறலை மறைக்க அவை போதும். ஸ்டெயின்லெஸ் எஃகில் இந்த முறை பலிக்காது. அதிலுள்ள குரோமியம் துருவுக்கே இடங்கொடுக்காது.

நிறம் போதும் என்று தோன்றும்போது, சமையல் சோடா கலந்த நீரில் ஒருமுறை கொதிக்க வைத்து, பிறகு வெறும் வடிநீரில் மீண்டும் கொதிக்க வைத்து எடுக்க வேண்டும். குளோரைடு எச்சம் மறைவான மூலைகளில் தங்கினால் துரு திரும்ப வரும். சூடு முழுதும் ஆறுவதற்குள் மெஷின் எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் துடைக்கலாம். உளியின் முனையை அதன் பிறகே தீட்ட வேண்டும். முதல் வாரத்தில் திருகாணித் தலையின் பிளவுகளையும் துளைகளின் ஓரங்களையும் அவ்வப்போது பார்த்து, எங்கேனும் செந்நிறம் கசிந்தால் எண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்துவிடுவது போதும்.