அடிபம்பும் நான்கு டையோடுகளும்

பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு அடிபம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெரு பம்பில் இருபது முறை வெறுமனே அடித்தால்தான் தண்ணீர் எட்டிப் பார்க்கும். பிளஸ் டூவில் பிசிக்ஸ் சார் டையோடு நடத்தியது அந்தப் பம்பை வைத்துத்தான்.

புத்தகத்தில் இருந்த 'P' பகுதி, 'N' பகுதி, முன்னோக்குச் சார்பு எதுவும் எங்கள் தலையில் ஏறவில்லை. சார் புத்தகத்தை மூடினார். "ஏண்டா, பம்புக்குள்ள தோல் வாஷர் எதுக்கு?"

"ஏறின தண்ணி இறங்காம இருக்க சார்."

"டையோடும் அதான். கரண்டு ஒரு பக்கம்தான் போகும். வாஷரைத் தள்ளித் திறக்கக் கொஞ்சம் தெம்பு வேணும்ல? சிலிக்கான்ல செஞ்ச டையோடுக்கு அது சுமார் 0.7 வோல்ட்."

கைப்பிடியை அமுக்கினால் தண்ணீர் கொட்டும், தூக்கினால் நிற்கும். வீட்டுக்கு வரும் மின்சாரமும் அந்தக் கைப்பிடி மாதிரி நொடிக்கு 50 தடவை ஒரு பக்கமும் மறுபக்கமுமாக மாறி மாறிப் பாய்கிறது. ஒற்றை டையோடு போட்டால் பாதிதான் கிடைக்கும். நான்கைப் பிரிட்ஜாகக் கட்டினால் இரண்டு பாதியும் ஒரே திசையில் வரும். ஆனாலும் விட்டுவிட்டுத்தான் வரும். அதைப் பிடித்து வைக்கிற குடம், கெப்பாசிட்டர்.

இவ்வளவும் புரிந்த தெம்பில், வீட்டு ரேடியோவைப் பேட்டரி இல்லாமல் வீட்டுக் கரண்டிலேயே ஓட்டும் பேட்டரி எலிமினேட்டர் செய்யக் கிளம்பினேன். ரிச்சி தெருவில் 6 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் நான்கு டையோடுகளும் வாங்கினேன். டையோடின் கறுப்பு உடம்பில் ஒரு முனையில் வெள்ளி வளையம் இருக்கும். கரண்டு வெளியே வருவது அந்தப் பக்கம். நான்கில் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டேன். பிளக்கைச் செருகியதும் டிரான்ஸ்பார்மர் உறுமியது, டையோடு புகைந்தது, வீட்டு ஃப்யூஸும் போனது. அலையின் ஒரு பாதியில் டிரான்ஸ்பார்மரின் இரண்டு முனையையும் நானே நேராக இணைத்திருக்கிறேன் என்று மறுநாள் சார் படம் போட்டுக் காட்டினார். திட்டவில்லை, சிரித்தார். அதுதான் அதிகம் வலித்தது.

டையோடுகளை மாற்றி இரண்டாம் முறை செருகினேன். ரேடியோ பாடியது, கூடவே 'உம்ம்' என்ற இரைச்சல். குடத்தை மறந்திருக்கிறேன்! 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் பிளஸ், மைனஸ் பார்த்து வைத்ததும் இரைச்சல் அடங்கியது.

இனி பேட்டரி செலவே இல்லை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, கரண்டு போச்சுன்னா?"