சொளவில் மிச்சமிருந்த இலை

டிசம்பர் 2, 2023, சனி

ஆச்சி போய்விட்டாள். விடிகாலை நாலே காலுக்கு. தூக்கத்திலேயே. பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

காடாத்துக்கு அப்பா, சித்தப்பா, பங்காளிகள் எல்லாரும் போனார்கள். பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, தாமிரபரணியில் கரைத்துவிட்டு மத்தியானம் வந்தார்கள். பெண்கள் நாங்கள் வீட்டைக் கழுவினோம். கட்டிலை வாசலில் சாய்த்து வைத்து வாளி வாளியாக ஊற்றினார்கள். அப்புறம் ஒரு பெரியம்மை துடைப்பத்தோடு திண்ணைப் பக்கம் போனாள், ஆச்சி உட்காரும் இடத்துக்கு. அங்கே வேண்டாம் என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

டிசம்பர் 4, திங்கள்

சென்னையில் புயல் மழை. வேளச்சேரி அறையில் முழங்கால் அளவு தண்ணீர் என்று தோழி அழைத்தாள். என் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாளாம். சரி என்றேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 6, புதன்

ஆச்சி பீடி சுற்ற மடியில் வைக்கிற முறம், அவள் சொளவு, அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வெட்டி அடுக்கிய இலை, ஓரத்தில் தூள், நூல்கண்டு, கத்தரி, இலைக்கு அளவு வைக்கிற தகரத் துண்டு. சுற்றி முடித்தது பதினேழு பீடி. ஒரு கட்டுக்கு இன்னும் எட்டு வேண்டும்.

இலை காய்ந்து சுருள ஆரம்பித்துவிட்டது. "கடையில கணக்கு நிக்கிது, நாளைக்கு உக்காந்து நானே சுத்திப் போட்டுருதேன்" என்றாள் பெரிய அத்தை. பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்குகிற பாஸ் அவள் பெயரில். பென்ஷன் வரத் தொடங்கியதிலிருந்து ஆச்சி அத்தையின் பாஸில்தான் சுற்றினாள். இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கிறார்கள், அதற்கு இத்தனை பீடி என்று திருப்பிக் கேட்பார்கள். அத்தை சொல்வது நியாயம்தான். ஆனாலும் பதினாறாம் நாள் காரியம் கழியட்டும் என்று கெஞ்சினேன்.

டிசம்பர் 7

சொளவை அரிசிப் பானைக்கு மேல் பலகையில் ஏற்றி வைத்தேன், எலி வராத இடம்.

டிசம்பர் 9, சனி

இன்று முழுக்க அவள் விரல்தான் ஞாபகம்.

ரேஷன் கடை மெஷினில் அவள் ரேகை விழாது. கட்டைவிரலை வைப்பாள், சிவப்பு விளக்கு எரியும். சேலையில் துடைத்துவிட்டு வைப்பாள், மறுபடியும் சிவப்பு. பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். போன வருஷம் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிற சான்று கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனபோதும் அதேதான். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாகிவிட்டது. அந்தப் பையன், "பாட்டி, ஒங்களுக்கு ரேகையே இல்லியே" என்றான். கடைசியில் கண்ணைப் படம் பிடித்துத்தான் ஏற்றுக்கொண்டது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு.

பன்னிரண்டு வயதில் சொளவு மடியில் ஏறியது என்பாள். இலையை உருட்டி உருட்டி விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அந்த விரலால் நெற்றியைத் தடவுவாள். புகையிலை வாசம் வரும். எனக்கு அது பிடிக்கும். இப்போது வரை, எங்காவது யாராவது பீடி பற்றவைப்பதற்கு முன்னால் கையில் வைத்து உருட்டினால், அந்த வாசத்துக்கு ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். பற்றவைத்துவிட்டால் அது வேறு வாசம்.

ஆயிரம் பீடி என்றால் 40 கட்டு. அவள் நல்ல தெம்பாக இருந்த காலத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஆயிரம் முடித்துவிடுவாள். அப்பாவின் படிப்பு அதில்தான். சித்தப்பாவின் படிப்பு, இரண்டு அத்தைமாரின் கல்யாணம், இந்த வீட்டின் மேல் ஓடு. 1977-இல் பீடிக்கு பி.எஃப். வந்தபோது அவளுக்கு முப்பது வயது, பிடித்தம் போகக் கூலி குறைகிறதே என்று அழுததாகச் சொல்வாள். அதே பணத்தில்தான் பிற்பாடு ஓடு மாற்றினாள்.

எத்தனை பீடி சுற்றியிருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அத்தனையும் யார் யாரோ இழுத்து முடித்துவிட்டார்கள். தச்சர் செத்தால் அவர் செய்த கதவு இருக்கும். ஆச்சி கையால் செய்ததில் இப்போது மிச்சம் அந்தப் பதினேழுதான்.

டிசம்பர் 10

ராத்திரி இருமல் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

அமாவாசை. காக்காய்க்குச் சோறு வைத்தோம்.

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இருக்கட்டும். ஆனால் அந்த இருமல்? எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருமினாள். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வருவாள், தூக்கில் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு. மருந்து தீரும்வரை கொஞ்சம் அடங்கும். அப்புறம் மறுபடி சொளவு, மறுபடி தூள்.

பீடிக் கட்டில் படம் போட்டு எச்சரிக்கிறார்கள், இழுக்கிறவனுக்கு. தூள் மூட்டையில் ஒன்றும் எழுதியிருக்காது. தும்மித் தும்மி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை யார் எச்சரித்தார்கள்? ஆறு வயதில் நான் பீடியின் நுனியை மடித்து மூட, வாய் மடக்கப் பழகினேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து. ஒரு நாள் நான் தும்மினேன். அன்றைக்கே கையில் ஓங்கி ஒரு அடி. "ஏட்டி, இனிமே இந்தச் சொளவுப் பக்கம் ஒன்னயக் கண்டேன்..." எதற்கு அடித்தாள் என்று அப்போது தெரியாது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

டிசம்பர் 14, வியாழன்

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மார்கழி ஒன்று. மார்கழியில் வேண்டாம், கார்த்திகைக்குள் முடித்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. முறை என்றால் முறை என்கிறார் அப்பா. காலையிலிருந்து இதே பேச்சு. ஆச்சி இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாள்.

சாயங்காலம் சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

டிசம்பர் 16, சனி

விசேஷம் முடிந்தது. நல்ல கூட்டம். அவளோடு பீடி சுற்றிய கிழவிகள் வரிசையாக வந்து மாலை போட்ட படத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் படத்தைப் பார்க்காமல் என் கையை எடுத்து விரலைத் தடவிப் பார்த்தாள். "படிச்ச கை" என்று விட்டுவிட்டாள்.

டிசம்பர் 17, ஞாயிறு

ராத்திரியிலிருந்து விடாத மழை. ஊருக்குக் கிளம்பிய ஏரல் அத்தை பஸ் இல்லாமல் திரும்பி வந்துவிட்டாள். கரண்ட் இல்லை.

டிசம்பர் 18, திங்கள்

ஆறு ரோட்டுக்கு வந்துவிட்டது. பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் திறந்துவிட்ட தண்ணீரோடு மழைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. திருநெல்வேலி ஜங்ஷன் மூழ்கிவிட்டதாம். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஜனங்களோடு நிற்கிறதாம். காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் தெரு மேடு, தப்பித்தோம்.

ஏரலுக்குப் போன் போகவில்லை. மாமாவும் பிள்ளைகளும் அங்கே. அத்தை நொடிக்கொரு தரம் போனை எடுத்துப் பார்க்கிறாள். சார்ஜ் போய்விடும் என்று நான் வாங்கி அணைத்து வைத்தேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

ஏரல் அத்தை மத்தியானம் தானாக எழுந்து பலகையிலிருந்து சொளவை இறக்கினாள். நான் தடுக்கவில்லை. மழை ஈரத்தில் இலை கொஞ்சம் பதமாகியிருந்தது, மேலே நனைத்த துணி போட்டாள். பெரிய அத்தையும் வந்து உட்கார்ந்தாள். அம்மா, சித்தி, பெரியம்மை என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். கல்யாணமாகிப் போய் இருபது வருஷம் தொடாதவர்களும் தொட்டதும் வேகமாகச் சுற்றினார்கள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏரல் அத்தை சுற்றிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அம்மைக்கா, மாமாவுக்கா தெரியவில்லை. கை நிற்கவில்லை.

நான் வாய் மடக்கினேன்.

டிசம்பர் 20, புதன்

மாமா பேசினார்! வீட்டுக்குள் தண்ணீர், மச்சில் ஏறிக்கொண்டார்களாம். பிள்ளைகள் நலம். பாலம் உடைந்துவிட்டது, இப்போதைக்கு வர வேண்டாம் என்றார்.

டிசம்பர் 22, வெள்ளி

எல்லாம் சுற்றி முடித்தாகிவிட்டது. பெரிய அத்தை கட்டு போட்டு எண்ணினாள். ஆச்சியின் பதினேழையும் மற்றதோடு சேர்க்கப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "கணக்குல கொறையும் பிள்ளே" என்றாள். காசு நான் தருகிறேன் என்றேன். காசு இல்லை விஷயம், கடையில் அவள் பேருக்கு இதுவரைக்கும் குறைந்ததே இல்லை என்கிறாள். நாளைக்குக் கடை திறக்கும். நானும் கூட வருகிறேன், கடைக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.