சாவி சட்டைப் பையில்: புல்வெட்டும் வண்டியின் டெக்கைக் கழற்றி மாட்டிய இரண்டு நாள்

மே மாத நடுவில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் கோடு விழ ஆரம்பித்தது. வண்டி போன தடத்தின் நடுவே விரலகலத்துக்கு ஒரு வரிசைப் புல் வெட்டுப்படாமல் அப்படியே நின்றது. வெட்டுப்பட்ட இடங்களிலும் நுனி நறுக்கென்று அறுபடவில்லை. நார் நாராகக் கிழிந்து இரண்டே நாளில் பழுப்பேறியது. கூடவே வலது பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலே நகருக்குத் தெற்கே. அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான இடம். மண் செங்களிமண். மழை பெய்தால் ஒட்டும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். இங்கே பெரும்பாலும் டால் ஃபெஸ்கியூ என்ற புல். அதை மூன்று, மூன்றரை அங்குல உயரத்தில் விட்டு வெட்ட வேண்டும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் கோடையில் தாங்காது. அதாவது, வசந்த காலத்தில் வாரம் தவறாமல் வெட்டியே ஆக வேண்டும். பழுது பார்க்கும் கடையில் கேட்டபோது வண்டியை எடுத்துப் போய்த் திருப்பித் தர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரத்தில் புல் முழங்காலைத் தொட்டுவிடும். சரி, நாமே பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

வண்டி நான் பழையதாக வாங்கியது. உட்கார்ந்து ஓட்டுகிற வகை, 42 அங்குல டெக் (பிளேடுகளை மேலே மூடியிருக்கும் இரும்புக் கூடு), இரண்டு பிளேடு. தள்ளிக்கொண்டு போகிற சின்ன மெஷினில் டெக் என்பதே உடம்பு. இன்ஜின் அதன் மேல் உட்கார்ந்திருக்கும், பிளேடு இன்ஜின் தண்டிலேயே நேராக முடுக்கப்பட்டிருக்கும். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் டெக் தனி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, வண்டியின் வயிற்றுக்குக் கீழே, கவிழ்த்த இரும்புத் தாம்பாளம் மாதிரி தொங்கும். இன்ஜினின் அடியில் உள்ள புல்லியிலிருந்து (பெல்ட் ஓடும் சக்கரம்) ஒரு நீளமான பெல்ட் வந்து டெக்கின் மேலுள்ள இரண்டு புல்லிகளைச் சுற்றும். அந்தப் புல்லிகளின் தண்டுதான் ஸ்பிண்டில். அதன் கீழ் நுனியில் பிளேடு. இது தெரிந்துவிட்டால் எங்கே என்ன கெட்டிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

முதல் தவறு பாகம் வாங்குவதில் நடந்தது. டெக்கின் மேலிருந்த ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து எழுத்தே இல்லை. 42 அங்குல டெக்குக்கான பெல்ட் என்று தேடி ஒன்றை வாங்கிவிட்டேன். வந்து சேர்ந்தது பொருந்தவில்லை. 42 என்பது வெட்டும் அகலம் மட்டும்தான். அதே அகலத்தில் புல்லிகளின் இடமும் பெல்ட்டின் நீளமும் வண்டிக்கு வண்டி மாறும். தேட வேண்டியது டெக்கில் அல்ல, சீட்டைத் தூக்கினால் அடியில் ஒட்டியிருக்கும் வண்டியின் மாடல் எண்ணை. சில வண்டிகளில் அது பின் தகட்டிலோ சட்டத்திலோ இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் டெக்கின் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கிடைக்கும். இன்னொன்று, கார் கடையில் அதே நீளத்தில் மலிவாகக் கிடைக்கும் வி பெல்ட்டைப் போட வேண்டாம். புல்வெட்டியின் பெல்ட் முதுகுப் பக்கமும் ஒரு தட்டைப் புல்லியில் உரசி ஓடுகிறது. அதற்காகவே துணி சுற்றி, உள்ளே உறுதியான அராமிட் இழை கொடுத்துச் செய்கிறார்கள். சாதாரண பெல்ட் அந்த வளைவுக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

வேலையைத் தொடங்குவதற்கு முதல் நாள் இரவு அப்பாவிடம் பேசினேன். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வயலில் ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“எய்யா, அதுக்கு பியூஸ் கட்டை எங்க இருக்கு?”

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. மோட்டாரில் கை வைப்பதற்கு முன் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் ஷெட்டுக்குள் குனிவார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “சுவிட்ச எவனும் போடலாம். கட்டை என் பையில இருந்தா எவனும் போட முடியாது” என்பார்.

“அந்த மாதிரி கட்டை இல்லப்பா. சாவி இருக்கு, ஸ்பார்க் பிளக் வயர் இருக்கு.”

“ரெண்டையும் எடுத்துரு. சாவிய பையில வச்சிக்க. புள்ள கையில குடுத்துராத.”

மறுநாள் காலை நான் செய்த வரிசை இது. வண்டியைக் கராஜ் முன்னால் சமதளக் கான்கிரீட்டில் நிறுத்தினேன். பிளேடைச் சுற்ற வைக்கும் மஞ்சள் குமிழை உள்ளே தள்ளினேன். பார்க்கிங் பிரேக். சாவி சட்டைப் பையில். இன்ஜின் சூடு ஆற அரை மணி நேரம். பிறகு பிளக் வயரைப் பிடுங்கி, அது தானாகத் திரும்பிப் பிளக்கைத் தொடாதபடி ஒரு கயிற்றால் பின்னால் கட்டினேன். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியையும் கழற்றினேன். தள்ளும் மெஷின் வைத்திருப்பவர்கள் பிளக் வயரைக் கழற்றாமல் ஒருபோதும் பிளேடைத் தொட வேண்டாம். அதில் பிளேடைக் கையால் சுற்றினாலே பிஸ்டன் ஏறி இறங்கும், இன்ஜின் ஒரு முறை வெடித்துச் சுற்றினால் போதும், விரல் போய்விடும். அமெரிக்காவில் 1982 முதல் விற்கும் தள்ளும் மெஷின்களில் கைப்பிடியை விட்ட மூன்று விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அது ஓட்டும்போது காப்பதற்கு. கவிழ்த்துப் போட்டு உள்ளே கையை விடுகிற ஆளை அது காப்பாற்றாது.

இன்னொரு விஷயம். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி அடியில் படுத்து வேலை செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் அதைச் செய்யவில்லை. டெக்கை முழுக்கக் கழற்றி வெளியே இழுப்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மேலே கால் டன் வண்டி இல்லாமல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்படியும் தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

உதவிக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் கோயம்புத்தூர் அண்ணன் வந்தார். முதலில் பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்தோம். அட்டையில் கையாலும் வரைந்து வைத்தேன். எந்தப் புல்லியில் பெல்ட்டின் வி பக்கம், எதில் முதுகுப் பக்கம் என்பது படத்தில் சரியாகத் தெரியாது. வரையும்போதுதான் கண் அதைக் கவனிக்கிறது. டெக்கை அடிமட்டத்துக்கு இறக்கி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னப் புல்லியைக் கம்பியால் நெம்பி, பெல்ட்டை இன்ஜின் புல்லியிலிருந்து உருவினோம். அந்த ஸ்பிரிங் தடிமனானது. கம்பி இல்லாமல் விரலால் தள்ளிப் பார்க்க வேண்டாம்.

டெக்கைத் தாங்குவது முன்னால் ஒரு கம்பி, பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை, ஆடாமல் பிடிக்க ஒரு குறுக்குத் தண்டு. எல்லாவற்றுக்கும் கொண்டை ஊசி மாதிரியான கிளிப்தான். இவற்றை உருவும்போது டெக்குக்கு அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்தோம்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று இங்கே நடந்தது. டெக்கை ஏற்றி இறக்கும் நெம்புகோலில் டெக்கின் எடையைச் சமன் செய்ய ஒரு ஸ்பிரிங் உண்டு. எடை போனதும் அந்த ஸ்பிரிங்குக்கு எதிரே ஒன்றுமில்லை. நான் நெம்புகோலைக் காடியிலிருந்து லேசாக விலக்கினேன், அது கையை உதறிக்கொண்டு சடாரென்று மேலே பாய்ந்தது. தலை இன்னும் ஒரு சாண் முன்னால் இருந்திருந்தால் தாடையில் அடித்திருக்கும். டெக் கழன்ற பிறகு நெம்புகோலைத் தொட வேண்டியிருந்தால் முகத்தை விலக்கி, இறுகப் பிடித்து, மெதுவாக விடுங்கள். வண்டியோடு வரும் கையேட்டிலும் இது இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் பிறகு படித்தேன்.

முன் சக்கரங்களை இடப்பக்கம் திருப்பி வைத்து, டெக்கை வலப்பக்கமாக இழுத்தோம். இரண்டு பேர் வேண்டிய எடை. சுவரில் சாய்த்து நிறுத்தி, விழாமல் கயிற்றால் கட்டினோம்.

அடிப்பக்கம் பார்த்ததும் பாதிக் காரணம் தெரிந்துவிட்டது. காய்ந்த புல்லும் செம்மண்ணும் இரண்டு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. பிளேடின் பின் ஓரம் மேல்நோக்கி மடிந்து சிறகு மாதிரி இருக்கும். அது சுற்றும்போது காற்றை உறிஞ்சி, படுத்த புல்லை நிமிர்த்தி, அறுந்ததை வெளியே வீசும். உள்ளே இடமே இல்லையென்றால் காற்றோட்டம் ஏது? படிந்த மண் ஈரத்தையும் பிடித்து வைத்துத் தகட்டைத் துருப்பிடிக்க விடும். மரச் சட்டுவம் ஒன்றால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தோம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், துருத் துகள் முகத்துக்கு நேராகத்தான் பறக்கும்.

மீதிக் காரணம் பிளேடில். இரண்டு பிளேடும் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இருக்கும், அவற்றின் வெட்டு வட்டங்கள் நடுவில் கொஞ்சம் ஒன்றன் மேல் ஒன்று படியும். எங்கள் பிளேடுகளின் நுனி தேய்ந்து உருண்டையாகிவிட்டது. அந்தப் படிகிற இடம் காணாமல் போனதால்தான் நடுவில் ஒரு வரிசைப் புல் நின்றது. இதற்குச் சாணை பிடித்துப் பயனில்லை. சிறகின் அடிப்பக்கமும் மெலிந்து தகடாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிளேடு நுனி வேகத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறக்குறைய 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சிறகு ஒடிந்து பறந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. என் மகள் அந்தப் புல்தரையின் ஓரத்தில்தான் ஊஞ்சல் ஆடுவாள்.

பிளேடு சுற்றாமலிருக்க அதற்கும் டெக்கின் ஓரத்துக்கும் நடுவே ஒரு மரத்துண்டைக் கொடுத்து, தடித்த கையுறையோடு போல்ட்டைத் திருப்பினேன். எங்கள் வண்டியில் வழக்கம்போல இடமாகத் திருப்பினால் கழன்றது. சில மாடல்களில் எதிர்மரை. ஸ்பேனரில் குழாயை மாட்டி முழு பலம் கொடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய போல்ட்டின் இடத்தில் ஏதோ ஒரு போல்ட்டைப் போடக் கூடாது, அது கடினமாக்கப்பட்ட இரும்பு. புது பிளேடின் சிறகு மேலே, டெக்கின் பக்கம் பார்க்க வேண்டும். எவ்வளவு இறுக்கமாக முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 50 அடி பவுண்டு வைத்து முடுக்கினேன். எங்கள் வண்டிக்குக் கையேட்டில் 45 முதல் 55 வரை என்றிருந்தது.

சத்தத்துக்குக் காரணம் வலது ஸ்பிண்டில். பிளேடு நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் இடதில் அசைவே இல்லை, வலதில் கடகடத்தது. பேரிங் போய்விட்டது. தண்டு, பேரிங், அவற்றைத் தாங்கும் கூடு எல்லாம் சேர்ந்த முழு ஸ்பிண்டிலாகவே மாற்றினேன். புதிய அலுமினியக் கூட்டின் ஓட்டைகளில் மரை இருக்காது, கூட வரும் போல்ட்டே மரை வெட்டிக்கொண்டு இறங்கும். நான்கையும் முதலில் கையால் நேராகப் பிடித்து, அரைச் சுற்று ஏற்றி கால் சுற்று பின்வாங்கி, பொறுமையாக இறக்கினேன். இந்த ஒன்றுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. ஒன்று கோணலாக ஏறினாலும் புதுக் கூடு வீண்.

மறுநாள் டெக்கைத் திரும்ப மாட்டினோம். மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். வரைந்த அட்டை பெல்ட்டுக்கு உதவியது. நேரம் பிடித்தது மட்டம் பார்ப்பதுதான். டெக்கை மட்டமாக்கி முடித்த பிறகு சக்கரக் காற்றைப் பார்த்தால் இடது பின் சக்கரத்தில் பாதிதான் இருந்தது. காற்றை நிரப்பியதும் எல்லா அளவும் மாறிவிட்டது, முதலிலிருந்து தொடங்கினோம். ஆகவே காற்றை முதலில் பாருங்கள். எங்களுக்கு முன்னால் 14, பின்னால் 10 பிஎஸ்ஐ. பிறகு பிளேடுகளைக் குறுக்காகத் திருப்பி, இடது, வலது வெளி நுனிகள் தரையிலிருந்து ஒரே உயரமா என்று அளக்க வேண்டும். அடுத்து முன்பின்னாகத் திருப்பி, முன் நுனி பின் நுனியைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் கால் அங்குலம் வைத்தோம். அப்படியிருந்தால் பின்பக்க நுனி வெட்டிய புல்லையே மறுபடி வெட்டிக்கொண்டிருக்காது.

அளக்கும்போது இன்னொன்று நடந்தது. அண்ணன் வலது பக்கம் குனிந்து டேப் பிடித்திருந்தார். நான் இடது பிளேடைத் திருப்பினேன். பெல்ட் மாட்டியாகிவிட்டதல்லவா, வலது பிளேடும் கூடவே நகர்ந்து அவர் விரலைத் தள்ளியது.

“ஏனுங்க தம்பி, சொல்லிப்போட்டுத் திருப்புங்க” என்றார். கையுறை கிழிந்ததோடு போயிற்று. அதன் பிறகு ஒருவர் தொடும்போது மற்றவர் இரண்டு கையையும் வெளியே எடுத்து “எடுத்தாச்சு” என்று சொன்ன பிறகே திருப்பினோம்.

பேட்டரி, பிளக் வயர், கடைசியாகச் சாவி. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு மஞ்சள் குமிழை இழுத்தேன். கரகரப்பு இல்லை. இரண்டு பிளேடு, ஒரு ஸ்பிண்டில், சரியான பெல்ட், எல்லாம் சேர்த்து 140 டாலருக்குள் முடிந்தது. சாயங்காலம் அப்பாவுக்குப் புல்தரையின் படம் அனுப்பினேன். நடுவில் கோடு இல்லை.

முதல் வெட்டு முடிந்ததும் இன்ஜின் ஆற விட்டு, சாவியைப் பையில் போட்டு, பிளக் வயரைப் பிடுங்கி, பிளேடு போல்ட்டுகளை ரெஞ்சால் ஒருமுறை சோதித்தேன். இடது அசையவில்லை. வலது இம்மி ஏறியது.