சிரிச்ச மூஞ்சியும் போல்ட்ஸ்மான் கணக்கும்

மூஞ்சிய பாத்து இந்த ஆளு கோவமா இருக்காரா சந்தோஷமா இருக்காரான்னு சொல்ற ஏஐ மாடல்கள்ல பெரும்பாலும் கடைசில சாஃப்ட்மேக்ஸ்னு ஒண்ணு உக்காந்திருக்கும், ஒவ்வொரு உணர்ச்சிக்கும் விழுந்த ஸ்கோர, மொத்தம் 1 வர்ற மாதிரி நிகழ்தகவா மாத்துற ஃபார்முலா, அது வேற ஒண்ணுமில்லீங்க, 19ஆம் நூற்றாண்டுல போல்ட்ஸ்மான்ங்கற இயற்பியலாளர், எந்த எனர்ஜில எத்தன வாயு மூலக்கூறு இருக்கும்னு போட்ட அதே கணக்குதான். எனர்ஜி இருந்த இடத்துல ஸ்கோர், நடுவுல ஒரு மைனஸ் மாறும், அவ்ளோதான். டெம்பரேச்சர்ங்கற பேரு கூட மாறல! அத ஏத்துனா எல்லா உணர்ச்சிக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க் போடும், கொறச்சா ஒண்ணையே அடிச்சு சொல்லும்.

இது ஏதோ தற்செயல் இல்ல. 1982ல ஹாப்ஃபீல்டுங்கற விஞ்ஞானி, காந்தத்துக்குள்ள ஸ்பின்கள் (குட்டிக் குட்டி காந்தம் மாதிரி) ஒண்ணையொண்ணு திருப்புற கணக்க எடுத்து ஞாபகம் வெச்சுக்கற நெட்வொர்க் ஒண்ணு கட்டுனாரு, அப்புறம் ஏஐ ஆராய்ச்சியாளர் ஹின்டன் அன்கோ தாங்க கட்டுன நெட்வொர்க்குக்கு போல்ட்ஸ்மான் மெஷின்னே பேரு வெச்சாங்க, 2024 இயற்பியல் நோபல் ஹாப்ஃபீல்டு, ஹின்டன் ரெண்டு பேருக்கும். இதெல்லாம் இயற்பியலான்னு சிலர் மொகம் சுளிச்சாங்க, எனக்கென்னவோ சரியாத்தான் பட்டுச்சு.

ஆனா கணக்கு சுத்தமா இருந்தா பதிலும் சரியா இருக்கும்னு இல்லயே. இந்த மாடல்களுக்கு சொல்லிக்குடுக்கற மூஞ்சிப் படத் தொகுப்பான எஃப்இஆர் 2013 டேட்டாசெட்ட தொறந்து பாருங்க, 48க்கு 48 பிக்சல், கருப்பு வெள்ளை, உணர்ச்சிக்கு ஏழே லேபிள். மேனேஜர் ஜோக்குக்கு நாம சிரிக்கிற சிரிப்பும் மகிழ்ச்சி கணக்குலதான் போகும். பொறாமை, சலிப்பு, வெக்கம் எது வந்தாலும் அந்த ஏழுல ஒண்ணுல தள்ளியே ஆகணும், ஏன்னா சாஃப்ட்மேக்ஸ்ல அந்த ஏழோட நிகழ்தகவையும் கூட்டுனா 1 வந்தே தீரணும்... ஆபீஸ்லயும் பள்ளிக்கூடத்துலயும் இப்படி உணர்ச்சி கண்டுபிடிக்கற ஏஐய பயன்படுத்த ஐரோப்பிய யூனியன் 2025 பிப்ரவரிலேந்து தடை போட்டிருக்கு, மருத்துவம், பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு. நல்ல வேலை பண்ணாங்க.