எம்ஜிபிக்குப் புது டாப்

என் காரின் மடக்கும் கூரையை, அதாவது டாப்பை, மாற்றுவதிலேயே மூன்று வாரக் கடைசி போனது, ஆனால் இன்று காலை கொட்டுகிற மழையில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை! 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரையைத் திறந்து ஓட்டக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் பிறந்த வண்டி. பழைய வினைல் டாப் சுருங்கி, பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. கதவு ரப்பர் கல் மாதிரி இறுகி, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. இந்த வண்டியில் தண்ணீர் புகுந்தால் கம்பளத்துக்கு அடியில் தேங்கி, தரைத் தகட்டைச் சத்தமில்லாமல் துரு தின்றுவிடும், அதனால்தான் இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

யாராவது செய்யப்போகிறீர்கள் என்றால் ரப்பரை முதலில் போடுங்கள், டாப் அப்புறம். புது ரப்பர் தடிமனாக இருப்பதால் கதவு மூடும் இடமும் கண்ணாடி நிற்கும் இடமும் கொஞ்சம் மாறும். கதவுக் கொண்டியைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருத்தி, அதன் பிறகு டாப்பை இழுத்துப் பார்த்தால்தான் ஒழுங்காக உட்காரும். டாப்பின் முன் சட்டத்து ரப்பரை அலுமினியக் காடியில் நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

வெயில் நாளில் மட்டும் பொருத்துங்கள். குளிரில் வினைல் விறைத்து நிற்கும், எவ்வளவு இழுத்தாலும் வராது. டாப்பின் பின்பட்டையை மாட்டி, நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்து, முன் சட்டத்தில் கிளிப் போட்டு மூடிப் பார்த்து, சுருக்கம் இல்லை என்று தெரிந்த பிறகே பசை. நான் முதல் தடவை கால் அங்குலம் அதிகமாக இழுத்துவிட்டேன், முன் கொக்கி எட்டவே இல்லை, பிரித்து மறுபடி ஒட்டினேன். சரி, இன்னும் ஒரு வாரம் டாப்பைத் திறக்கப்போவதில்லை, நன்றாக இழுபட்டு வடிவத்துக்கு வரட்டும்.