கேப்பிட்டல் ரீஃப்: குழந்தைகளோடு கூடாரமும் பாறை நடையும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உண்டு. அவற்றில் ஒன்றான சயானுக்குப் போகிற கூட்டத்தில் பாதிகூட இன்னொன்றான கேப்பிட்டல் ரீஃபுக்கு வருவதில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு பாலைவனப் பள்ளத்தாக்கில் முதன்முறை கூடாரம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. காரணம் ஃப்ரூட்டா. செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஃப்ரீமாண்ட் ஆறு ஓடும் அந்தச் சிறு சமவெளியில், 1880களில் குடியேறிய மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் வாய்க்கால் வெட்டிப் பழமரங்கள் நட்டார்கள். அந்தத் தோட்டங்கள் இன்றும் காய்க்கின்றன. கூடாரத் திடல் அவற்றை ஒட்டியே இருக்கிறது.

ஆளை ஏமாற்றுவதும் அந்தப் பசுமைதான். சாலையைத் தாண்டிப் பத்து நிமிடம் ஏறினால் ஒதுங்க ஒரு மரம் இருக்காது. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே சுமார் 8 அங்குலம். கூடாரத்தடியில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஆளுக்கு ஒரு சின்ன பாட்டிலோடு கிளம்புகிறவர்கள்தான் காலை பத்து மணிக்கு மேல் பாறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

திடலில் 71 இடங்கள். மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை முன்பதிவு கட்டாயம். ஆறு மாதத்துக்கு முன்பே ரிக்ரியேஷன்.காவ் தளத்தில் திறக்கும். வார இறுதிகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். மேசையும் அடுப்புக்குழியும் இருக்கும், கழிப்பறையில் தண்ணீர் வரும். குளியலறையும் மின் இணைப்பும் கிடையாது. விறகைப் பூங்காவுக்குள் பொறுக்கக் கூடாது. பதினொரு மைல் மேற்கே டோரியில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வறட்சிக் காலத்தில் தீமூட்டவே தடை போட்டுவிடுவார்கள். சமையலுக்கு விறகை நம்பாமல் கேஸ் ஸ்டவ் எடுத்துப் போங்கள். ஒரு பவுண்டு சிலிண்டர், இரண்டு பர்னரும் முழுத்தீயில் எரிந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் தாங்கும். நான்கு பேருக்கு இரண்டு இரவு என்றால் மூன்று சிலிண்டர் வேண்டும்.

சமையலில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது உயரம். ஃப்ரூட்டா சுமார் 5,500 அடியில் இருப்பதால் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் லேசில் குழையாது. சோறும் நடுவில் விறைப்பாக நிற்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று போதும், அந்தத் தொல்லை தீர்ந்தது. நடைக்குக் கட்டிக்கொண்டு போகப் புளியோதரை உகந்தது. வெயிலில் கிடந்த பையில் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு எளிது: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நடக்கும்போது பெரியவருக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் ஆகும். காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும், வியர்க்கிறது என்றே தெரியாது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். உப்புக்கடலை, ஊறுகாய், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எதையாவது கூடவே கொடுங்கள். கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்தால், போன தூரம் எவ்வளவாயினும் திரும்பிவிட வேண்டும்.

மே மாதமும் செப்டம்பர் கடைசியும் நல்ல பருவம். ஏப்ரல் இரவில் வெப்பம் 3 டிகிரி வரை இறங்கும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் உடம்புக்கு அடியில் அமுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது, ஆகவே கீழே நுரைமெத்தை அவசியம். ஜூன் முதல் அக்டோபர் வரை வரிசையாகச் செர்ரி, ஆப்ரிகாட், பீச், பேரிக்காய், ஆப்பிள் பழுக்கும். பறிக்கலாம் என்று பலகை வைத்த தோட்டத்தில் மட்டும் நுழையுங்கள்; அங்கேயே நின்று தின்பதற்குக் காசு இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போவதை எடைபோட்டுப் பணம் கட்ட வேண்டும்.

நடைக்கு முதலில் ஹிக்மன் பாலம். போய்வர 1.8 மைல், ஏற்றம் 400 அடி, முடிவில் 133 அடி அகலத்துக்கு வளைந்து நிற்கும் இயற்கைப் பாறைப் பாலம். வெயிலே விழுகிற வழி என்பதால் ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். தாமதித்தால் கார் நிறுத்தவும் இடம் இருக்காது. ஆறு வயதுக் குழந்தை தாராளமாக நடக்கும். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு கிராண்ட் வாஷ்: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2.2 மைல், ஏறக்குறைய சமதளம், இருபுறமும் செங்குத்துச் சுவர்கள் இருப்பதால் காலையில் நிழலும் உண்டு. இரண்டு முனையிலும் சாலை இருப்பதால் பெரியவர் ஒருவர் காரை மறுபக்கம் கொண்டுவந்தால் திரும்பி நடக்க வேண்டியதில்லை. கேசிடி என்ற இயற்கைப் பாறை வளைவுக்கும் இங்கிருந்துதான் வழி பிரிகிறது. அது வேறு ரகம். ஓரங்களில் தடுப்பில்லாத பாறைச் சரிவு. கையை உதறிவிட்டு ஓடும் வயதுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

வழுக்குப்பாறையில் ஏறுவதைவிட இறங்குவது கடினம். பிள்ளைகள் மேலே ஏறிய பிறகுதான் இது உறைக்கும். ஏறும் முன் இதே வழியில் இறங்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதைக்கு வெளியே கறுத்து மொறமொறவென்று இருக்கும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு காலடி அழிந்தால் மறுபடி உருவாகப் பல்லாண்டு ஆகும். பாறைக்குழியில் தேங்கிய நீரிலும் கை விட வேண்டாம். சன்ஸ்கிரீன் எண்ணெய் அதில் வாழும் சிற்றுயிர்களைக் கொன்றுவிடும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பெரிய ஆபத்து வெள்ளம். மொட்டைப் பாறை நீரை உறிஞ்சாது. எங்கோ பல மைல் தள்ளிப் பெய்த மழை முழுதும் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் பாய்ந்து வரும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதால் பயமில்லை என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களுக்கு முன்பும் வரலாம்: 2022 ஜூனில் கேப்பிட்டல் கார்ஜ் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் கார்களையே சேதப்படுத்தியது. பருவக் காற்று மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும், ஆகவே கிராண்ட் வாஷும் கேப்பிட்டல் கார்ஜும் காலையோடு முடிய வேண்டும். உள்ளே கைபேசிச் சிக்னல் கிடைக்காது. கிளம்பும் முன் பார்வையாளர் மையத்தில் அன்றைய வெள்ள எச்சரிக்கையைக் கேளுங்கள். நடக்கும்போதே எங்கெங்கே மேலேறலாம் என்று பார்த்து வையுங்கள். ஓடை நீர் திடீரெனக் கலங்கினாலோ, இரைச்சல் கேட்டாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, பையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும். பள்ளத்தாக்கின் வாய்வரை ஓடித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும். சாலையில் தண்ணீர் குறுக்கே ஓடினால் காரை இறக்கக் கூடாது, மேட்டிலேயே காத்திருங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்த நேரத்துக்கென்றே காரில் ஒரு கேன் தண்ணீரும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கட்டும்.